எஞ்சின் மாற்றியாச்சு, செக் எஞ்சின் விளக்கு அணையவில்லை: எங்கே தொடங்கி எப்படித் தேடுவது

பழைய எஞ்சின் சீஸ் ஆகி, சென்னைப் புதுப்பேட்டையில் அலைந்து ஒரு செகண்ட் ஹாண்ட் எஞ்சினைப் பிடித்து, இரண்டு நாள் ஒர்க்ஷாப்பிலேயே நின்று மாட்டி, செல்ஃப் அடித்ததும் வண்டி பிடித்துவிட்டது என்ற சந்தோஷம் ஐந்து நிமிடம்கூட நிற்பதில்லை. மீட்டரில் அந்த மஞ்சள் விளக்கு எரியும். ஸ்கேனரைப் போட்டால் ஒன்றல்ல, ஐந்தாறு எரர். அதற்கப்புறம் பெரும்பாலும் என்ன நடக்கிறது என்றால், ஒவ்வொரு எரருக்கும் ஒரு சென்சார் என்று சீட்டு எழுதி, கடையில் வாங்கிப் போட்டு, பணம் கரைந்த பிறகும் விளக்கு அப்படியே எரிந்துகொண்டிருக்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கேட்பதில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் எரர் வந்தால் ஏதோ ஒரு பாகம் தேய்ந்திருக்கும். எஞ்சின் மாற்றிய வண்டியின் கதை வேறு. அங்கே இருபது முப்பது கப்ளர்களையும் (வயர் இணைப்புகளையும்), பத்துப் பதினைந்து ஹோஸ்களையும், எல்லா எர்த் வயர்களையும் யாரோ கழற்றி மாட்டியிருக்கிறார்கள். அதனால் முதல் சந்தேகம் கை பட்ட இடங்கள் மேல்தான். இரண்டாவது, வந்த எஞ்சினுக்கும் வண்டிக்கும் பொருந்தாத பாகம். வந்த எஞ்சினின் தேய்மானம் மூன்றாவதுதான். இந்த வரிசையைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. நான் சொல்வது நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டிகளை மனதில் வைத்து. டீசலில் எரர் கோட்கள் வேறு, தேடும் வரிசை இதேதான்.

எரரை உடனே அழிக்காதீர்கள்

நம் நாட்டில் பிஎஸ்4 (பாரத் ஸ்டேஜ் 4 புகை விதி) வண்டிகளுக்கு, எஞ்சின் தன் கோளாறைத் தானே பதிந்துவைக்கும் ஓபிடி 2010 ஏப்ரலில் வந்தது, ஓபிடி-2 கட்டாயமானது 2013 ஏப்ரலில். அந்தக் காலத்துக்குப் பிந்தைய வண்டி என்றால் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட் இருக்கும், ஒரு சாதாரண ப்ளூடூத் ஸ்கேனரும் கைபேசி ஆப்பும் எஞ்சின் எரரைப் படிக்கப் போதும். ஆனால் ஸ்கேனரைவிட முக்கியம் ஒரு நல்ல மல்டிமீட்டர். ஸ்கேனர் எந்தத் தெரு என்று சொல்லும், வீட்டு நம்பரை மீட்டர்தான் சொல்லும்.

சாவியை ஆன் செய்யுங்கள், எஞ்சினை ஸ்டார்ட் செய்ய வேண்டாம். விளக்கு எரிய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பையோ கம்பியையோ யாராவது பிடுங்கியிருக்கலாம், அல்லது எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டரான இசியூவுக்குக் கரண்டே போகவில்லை. ஸ்கேனர் கனெக்ட் ஆகவில்லை என்றால் முதலில் சாக்கெட்டைப் பாருங்கள்: 16-ஆம் பின்னில் பேட்டரி வோல்டேஜ் வர வேண்டும், 4-ம் 5-ம் எர்த். அவை சரியாக இருந்தால் இசியூவின் மெயின் ரிலே, ஃப்யூஸ். கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் கேன் லைன் உள்ள வண்டியில் பேட்டரி டெர்மினலைக் கழற்றிவிட்டு 6-க்கும் 14-க்கும் நடுவே ஓம்ஸ் வைத்தால் 60 காட்ட வேண்டும். 120 காட்டினால் இரண்டு முனை ரெசிஸ்டர்களில் ஒன்று லைனில் இல்லை, எங்கோ கப்ளர் விட்டிருக்கிறது அல்லது வயர் அறுந்திருக்கிறது. பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால் இரண்டு வயரும் ஒன்றோடொன்று நசுங்கியிருக்கின்றன. யு0100 மாதிரி யு-வில் தொடங்கும் கோட்கள் வந்தால் சென்சார்களை மறந்துவிட்டு முதலில் இதைப் பாருங்கள்.

சரி, கனெக்ட் ஆகிவிட்டது. எல்லாக் கோட்களையும், ஃப்ரீஸ் ஃப்ரேம் விவரத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். எரர் விழுந்த நொடியில் ஆர்பிஎம் எவ்வளவு, எஞ்சின் சூடு எவ்வளவு, லோடு எவ்வளவு என்று அதில் பதிவாகியிருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். எஞ்சினை இறக்கும்போது பேட்டரியைக் கழற்றியதாலும், கப்ளர் இல்லாமல் யாராவது சாவியைப் போட்டதாலும் வந்த பழைய எரர்களும் இதில் கலந்திருக்கும்.

போட்டோ எடுத்த பிறகு ஒரே ஒரு முறை அழியுங்கள். சாவியை மறுபடி ஆன் செய்த உடனே எவை திரும்பி வருகின்றன? அவை வயர் அறுந்தது, ஷார்ட், கப்ளர் மாட்டாதது. ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் வருபவை கிராங்க், கேம் (எஞ்சின் சுற்றுவதைப் படிக்கும் சென்சார்கள்), மிஸ்ஸிங் (சிலிண்டர் சரியாக எரியாதது) வகை. ஒரு நாள் ஓட்டிய பிறகு வருபவை காற்று-பெட்ரோல் கலவை, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டர், பெட்ரோல் ஆவியைச் சேர்த்துவைக்கும் கேனிஸ்டர் சம்பந்தப்பட்டவை. கடைசி வகையில் பல எரர்கள் அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் தெரிந்தால்தான் விளக்கை ஏற்றும், அதனால் விளக்கு அணைந்திருக்கிறது என்று நம்பாமல், இன்னும் விளக்கை ஏற்றாமல் காத்திருக்கும் பெண்டிங் கோட்களையும் படியுங்கள். இப்படி மூன்றாகப் பிரித்தபிறகு, முதல் கூட்டத்தை முழுசாக முடிக்காமல் அடுத்ததைத் தொடவே கூடாது.

ஒரு எச்சரிக்கை. விளக்கு நிலையாக எரியாமல் கண் சிமிட்டினால் வண்டியை ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகிறது என்று அர்த்தம், கன்வர்ட்டர் உள்ளே உருகிப்போகும்.

எர்த்தைப் பார்க்காமல் வேறு எதையும் தொடாதீர்கள்

என் மச்சானின் 2013 ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டியில் நடந்ததைச் சொல்கிறேன். எஞ்சின் மாற்றி மூன்று நாள். ஆறு எரர், ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லை, காலையில் வருவது மாலையில் இல்லை. செல்ஃப் இழுத்து இழுத்துச் சுற்றுகிறது. "இசியூ போயிடுச்சுண்ணே, மாத்திடலாம்" என்று ஒர்க்ஷாப்பில் சொல்லிவிட்டார்கள். நான் போய் மீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி மைனஸிலும் சிவப்பை எஞ்சின் பிளாக்கின் சுத்தமான ஒரு போல்ட்டிலும் வைத்து, மச்சானை செல்ஃப் அடிக்கச் சொன்னேன். 1.4 வோல்ட். அது 0.2-க்குள் இருக்க வேண்டும். கியர் கேபிள் உறையில் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கிறது! கியர்பாக்ஸிலிருந்து பாடிக்குப் போகும் எர்த் பட்டையை மாட்டவே இல்லை, அது பேட்டரி தட்டுக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. செல்ஃப் மோட்டார் இழுக்கும் நூறு ஆம்பியருக்கு மேற்பட்ட கரண்ட் திரும்பி வர வழி இல்லாமல் கியர் கேபிள் வழியாக வந்துகொண்டிருந்தது. பட்டையை மாட்டி, போல்ட்டுக்குக் கீழே பெயின்டைச் சுரண்டி இறுக்கினோம். 0.1 வோல்ட். ஆறு எரரில் ஐந்து அன்றைக்கே போயின. அந்த ஆறாவதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தச் சோதனைக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். செல்ஃப் அடிக்கும்போது ஒரு முறை, எஞ்சின் ஓடி ஹெட்லைட், ஏசி, ஃபேன் எல்லாம் போட்டபிறகு ஒரு முறை. இரண்டாவதில் 0.1-க்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது. இசியூவின் எர்த் வயர்கள் பெரும்பாலும் இன்டேக் மேனிஃபோல்டிலோ சிலிண்டர் ஹெட்டிலோ ஒரு சின்ன போல்ட்டில் வளையமாக வந்து சேரும். எஞ்சினை மாட்டும்போது அதை ஏதோ ஒரு பிராக்கெட்டுக்குக் கீழே வைத்து இறுக்கிவிடுவார்கள், அல்லது மறந்தேவிடுவார்கள். அதைத் தேடிக் கண்டுபிடியுங்கள்.

ஐந்து வோல்ட், அப்புறம் கப்ளர்கள்

மூன்று வயர் சென்சார்களுக்கு இசியூ 5 வோல்ட் கொடுக்கிறது, ஒரு எர்த், ஒரு சிக்னல். பல வண்டிகளில் அந்த 5 வோல்ட்டை இரண்டு மூன்று சென்சார்கள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அதனால் பி0107, பி0122 என்று மேப் சென்சாரும் (இன்டேக் மேனிஃபோல்டின் காற்றழுத்தத்தை அளப்பது) த்ராட்டில் சென்சாரும் சேர்ந்தாற்போல் எரர் கொடுத்தால், இரண்டும் ஒரே நாளில் கெட்டுவிட்டன என்று நினைக்காதீர்கள். கூடவே பி0641 அல்லது பி0642 (5 வோல்ட் லைனின் எரர்கள்) இருந்தால் சந்தேகமே வேண்டாம். 5 வோல்ட்டை அளந்து பாருங்கள். குறைவாக இருந்தால் அந்த லைனில் உள்ள சென்சார்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள், எதைக் கழற்றியதும் 5 வோல்ட் திரும்புகிறதோ அதுதான் திருடன். எல்லாவற்றையும் கழற்றியும் திரும்பவில்லை என்றால் ஹார்னஸ் (வயர்க் கட்டு) எங்கோ நசுங்கியிருக்கிறது. கியர்பாக்ஸும் எஞ்சினும் சேரும் விளிம்பு, எஞ்சின் மவுண்டுக்குக் கீழே, மேனிஃபோல்டுக்குப் பின்னால், இந்த மூன்று இடங்களில்தான் பெரும்பாலும்.

டெம்பரேச்சர் சென்சார்கள் இரண்டு வயர் கொண்டவை, இவற்றைச் சோதிப்பது ரொம்ப எளிது. ஸ்கேனரில் கூலன்ட் சூடு மைனஸ் 40 என்று காட்டினால், அல்லது பி0118, பி0113 வந்தால் சர்க்யூட் திறந்திருக்கிறது. கப்ளரைக் கழற்றி அதன் இரண்டு பின்களையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். ரீடிங் நூற்றுக்கு மேல் எகிறினால் வயரும் இசியூவும் நன்றாக இருக்கின்றன, சென்சாரை மாற்றுங்கள். அசையவே இல்லை என்றால் வயரிங். இரண்டு வயர் சென்சாரில் மட்டும்தான் இப்படிச் செய்ய வேண்டும், மூன்று வயர் கப்ளரில் செய்தால் 5 வோல்ட்டை எர்த் செய்துவிடுவீர்கள். இன்னொரு சோதனைக்குக் கருவியே வேண்டாம்: ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் ஸ்டார்ட் செய்யுமுன் கூலன்ட் சூடும் உள்ளே வரும் காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால் ஏதோ ஒன்று பொய் சொல்கிறது.

மேப் சென்சாரும் அப்படித்தான். எஞ்சின் ஓடாமல் சாவி மட்டும் ஆனில் இருக்கும்போது அது வெளிக்காற்றின் அழுத்தத்தைக் காட்ட வேண்டும், சென்னையில் 100 கிலோபாஸ்கலுக்குப் பக்கம், ஊட்டியில் 77, 78. சூடான, நல்ல எஞ்சின் ஐடிலில் 30-லிருந்து 40-க்குள் இருக்கும்.

ஷெட்டில் மழையில் கிடந்த எஞ்சினின் சென்சார் பின்களில் பச்சை பூத்திருக்கும், ஒவ்வொன்றையும் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஸ்பார்க் தரும் காயிலின் கப்ளர்களும் பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரின் கப்ளர்களும் பல வண்டிகளில் ஒன்றுபோலவே இருக்கும், வயர் நீளமும் இடம் மாற்றி மாட்ட இடம் கொடுக்கும். பி0302-ம் பி0303-ம் (2, 3-ஆம் சிலிண்டர் மிஸ்ஸிங்) ஜோடியாக வந்தால் முதலில் 2-ம் 3-ம் மாறியிருக்கிறதா பாருங்கள். ஒரே சிலிண்டர் மிஸ் ஆனால் அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டரில் போடுங்கள். எரர் கூடவே போனால் காயில், அங்கேயே நின்றால் ப்ளக், இன்ஜெக்டர், கடைசியாக கம்ப்ரஷன்.

கிராங்க், கேம்

மச்சான் வண்டியில் மிச்சம் இருந்த ஆறாவது எரர் பி0335, கிராங்க் சென்சார். சூடான பிறகு ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். சென்சாரைக் கழற்றினோம், காந்த முனை முழுக்க இரும்புத் தூள் மீசை மாதிரி ஒட்டியிருந்தது. துணியால் துடைத்துப் போட்டதில் சிக்னல் கொஞ்சம் மேம்பட்டது, ஆனால் சரியாகவில்லை. கப்ளருக்குள் ஒரு பின் பின்னால் தள்ளிப்போய் அரைகுறையாகத் தொட்டுக்கொண்டிருந்தது. அதை முன்னால் இழுத்துவிட்டதோடு கதை முடிந்தது. புது சென்சார் வாங்கவில்லை.

பி0335-க்கு ஸ்கேனரில் ஒரு நேரடிப் பார்வை உண்டு: செல்ஃப் அடிக்கும்போது ஆர்பிஎம் எவ்வளவு காட்டுகிறது? 150, 200, 250 என்று வந்தால் சென்சார் பேசுகிறது. பூஜ்யம் என்றால் இசியூவுக்கு எஞ்சின் சுற்றுவதே தெரியவில்லை. பி0336 வந்தால் சிக்னல் வருகிறது, ஆனால் தப்பாக வருகிறது. இங்கேதான் பல் சக்கரத்தைச் சந்தேகப்பட வேண்டும். சில எஞ்சின்களில் கிராங்க் சென்சார் படிக்கும் பற்கள் ஃப்ளைவீலில் இருக்கும், ஆட்டோமேட்டிக் வண்டியிலிருந்து வந்த எஞ்சினில் மேனுவல் ஃப்ளைவீல் மாற்றும்போது பல் எண்ணிக்கை மாறிவிடலாம். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் எல்எஸ் எஞ்சினை மாற்றுபவர்களுக்கு இந்தப் பல் எண்ணிக்கைக் குழப்பம் அத்துப்படி: மூன்றாம் தலைமுறையில் 24 பல், நான்காம் தலைமுறையில் பெரும்பாலும் 58. வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சின் ஒன்றுபோலவே இருக்கும், இசியூவுக்கு ஒன்றும் புரியாது.

பி0016 வந்தால் மட்டும் நிதானியுங்கள். கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை என்று அர்த்தம். சென்சார் மாற்றி விளையாட வேண்டிய எரர் இல்லை இது. டைமிங் செயின் நீண்டிருக்கலாம், மாட்டும்போது ஒரு பல் தள்ளியிருக்கலாம், வால்வ் திறக்கும் நேரத்தை மாற்றும் விவிடியின் எண்ணெய் வழி அடைத்திருக்கலாம். ஆர்பிஎம் ஏற்றிப் பார்க்காமல், வால்வ் கவரைக் கழற்றி மார்க்கைச் சரிபாருங்கள். பல எஞ்சின்களில் செயின் இன்னும் இரண்டு பல் தாண்டினால் வால்வு பிஸ்டனில் இடிக்கும்.

தெர்மோஸ்டாட் விஷயம்

"நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு" என்று எஞ்சின் சூடாகும்வரை கூலன்டைத் தடுத்து வைக்கும் தெர்மோஸ்டாட்டைக் கழற்றித் தூக்கிப்போடும் பழக்கம் இன்னும் போகவில்லை. தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். எஞ்சின் தேவையான சூட்டுக்கு வராமல் இசியூ அதிகப் பெட்ரோல் கொடுத்துக்கொண்டே இருக்கும், மைலேஜ் போகும், எண்ணெய் கெடும், பி0128 வரும். தெர்மோஸ்டாட் இருந்தும் சூட்டுக் கணக்கு தாறுமாறாகக் குதித்தால் கூலன்டில் காற்று அடைத்திருக்கிறது, ரேடியேட்டரில் நிரப்பி முழுசாக ஏர் எடுங்கள்.

காற்றும் பெட்ரோலும்

பி0171, கலவையில் காற்று அதிகம். எஞ்சின் மாற்றிய வண்டியில் அதிகம் பார்க்கும் எரர்களில் ஒன்று. ஸ்கேனரில் ஃப்யூயல் ட்ரிம் (இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டுகிறது, குறைக்கிறது என்ற கணக்கு) இரண்டையும், குறுகிய காலத்தையும் நீண்ட காலத்தையும், கூட்டிப் பாருங்கள். பிளஸ் மைனஸ் பத்துக்குள் இருந்தால் பரவாயில்லை. ஐடிலில் பிளஸ் 20, எஞ்சினை 2500-இல் பிடித்தால் 5-க்கு இறங்குகிறது என்றால் எங்கோ காற்று உள்ளே இழுக்கிறது, ஏனென்றால் ஐடிலில் ஓட்டை பெரிய பங்கு, அதிக ஆர்பிஎம்மில் சின்னப் பங்கு. ஐடிலில் நன்றாக இருந்து ஏற்றத்தில் ட்ரிம் கூடினால் பெட்ரோல் பற்றவில்லை: பம்ப், ஃபில்டர், மடங்கிப்போன பைப். உள்ளே வரும் காற்றின் அளவைப் படிக்கும் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில்தான் இந்தக் கணக்கு இவ்வளவு தெளிவாகத் தெரியும். மேப் மட்டும் உள்ள வண்டியில் கசிவு வந்தால் ட்ரிம்மைவிட ஐடில் வேகம் ஏறுவதுதான் முதலில் கண்ணில் படும்.

தேட வேண்டிய இடங்கள்: பிரேக் பூஸ்டர் ஹோஸ், பிசிவி (எஞ்சினுக்குள் சேரும் ஆவியை வெளியே எடுக்கும்) ஹோஸ், கேனிஸ்டர் பர்ஜ் (பெட்ரோல் ஆவி) ஹோஸ், மேனிஃபோல்ட் கேஸ்கெட், இன்ஜெக்டர் ஓரிங். பழைய கேஸ்கெட்டையே திரும்பப் போட்டிருந்தால் அதுதான் முதல் குற்றவாளி. கார்ப் கிளீனர் அடித்துத் தேடுவார்கள், சூடான எஞ்சினில் அது தீப்பிடிக்கும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. புகை மெஷின் உள்ள ஒர்க்ஷாப் கிடைத்தால் பத்து நிமிட வேலை. இல்லையென்றால் சோப்புத் தண்ணீர் ஸ்ப்ரே செய்து ஐடில் மாறுகிறதா பாருங்கள்.

ட்ரிம் பெரிய மைனஸில் போனால், வந்த எஞ்சினோடு வந்த இன்ஜெக்டர்கள் உங்கள் வண்டியுடையவைதானா என்று பார்ட் நம்பரை ஒப்பிடுங்கள். சந்தேகம் இருந்தால் உங்கள் பழைய இன்ஜெக்டர்களையே சுத்தம் செய்து போடுவது நல்லது. சென்சார்களுக்கும் இதே விதிதான். பழைய எஞ்சினில் நன்றாக வேலை செய்த சென்சார்களை எஞ்சினோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

சைலன்சர் பக்கம்

பி0135, பி0141 இரண்டும் ஆக்சிஜன் சென்சாரின் ஹீட்டர். முதலில் ஃப்யூஸ், பிறகு சென்சார் பக்கம் ஹீட்டர் பின்களில் ஓம்ஸ், பெரும்பாலும் 5-லிருந்து 15-க்குள். முன் சென்சாரும் பின் சென்சாரும் கப்ளர் மாறிப் போயிருந்தால் எஞ்சின் தள்ளாடும். வி6 வண்டியில் இரண்டு பக்கமும் மாறினால் ஒரு பக்க ட்ரிம் பிளஸ் 25, மறுபக்கம் மைனஸ் 25 என்று எதிரெதிரே ஓடும், பார்த்த உடனே தெரிந்துவிடும். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்ட் கேஸ்கெட்டில் கசிவு இருந்தால் அது வெளிக்காற்றையும் இழுத்து, இல்லாத பி0171-ஐ உண்டாக்கும், காலையில் குளிரில் ஸ்டார்ட் செய்யும்போது டிக் டிக் என்று சத்தம் கேட்கிறதா பாருங்கள்.

பி0420-க்கு (கன்வர்ட்டர் திறன் குறைவு என்ற எரர்) உடனே கன்வர்ட்டர் வாங்காதீர்கள், அது விலை கூடிய சாமான். மிஸ்ஸிங், கலவை, எக்ஸாஸ்ட் கசிவு எல்லாம் தீர்ந்து நூறு இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகும் அது வந்தால் மட்டும் யோசியுங்கள்.

பொருந்தாத எஞ்சின்

எல்லா வயரும் சரி, எல்லா எர்த்தும் சரி, ஆனாலும் சாவி போட்ட உடனே ஒரு எரர் திரும்பத் திரும்ப வருகிறது என்றால் எஞ்சினே வேறு வகையாக இருக்கலாம். மாருதியின் 1.2 கே12எம் நல்ல உதாரணம். 2009 ரிட்ஸில் வந்தது விவிடி இல்லாதது, 2011-இல் வந்த ஸ்விஃப்டில் விவிடி உண்டு. விவிடி வண்டியில் விவிடி இல்லாத எஞ்சினை இறக்கினால் இசியூ தேடும் ஆயில் கன்ட்ரோல் வால்வ் அங்கே இருக்காது, பி0010 வரும், எத்தனை முறை அழித்தாலும் வரும். அதற்கு வயரிங்கில் மருந்து இல்லை. வாங்குமுன்பே எஞ்சின் நம்பரையும், வந்த வண்டியின் மாடல் வருடத்தையும், ஹெட்டில் உள்ள சென்சார்களையும் உங்கள் பழைய எஞ்சினோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பில்லும் வாங்கிக்கொள்ளுங்கள், எஞ்சின் மாற்றத்தை ஆர்சியில் பதிய வேண்டும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் வரும் நாளில் இது பெரிய தலைவலியாக மாறும்.

இசியூவை மாற்றச் சொன்னால் ஒரு முறைக்கு இரண்டு முறை யோசியுங்கள். அதே வகை எஞ்சின் என்றால் உங்கள் வண்டியின் இசியூவேதான் இருக்க வேண்டும். வேறு வண்டி இசியூ போட்டால் இம்மொபிலைசர் சாவியை ஏற்காது, வண்டி பிடித்து ஓரிரு நொடியில் அணையும் அல்லது பிடிக்கவே பிடிக்காது.

முடித்த பிறகு

கடைசியாக ஒரு முறை எரரை அழித்துவிட்டு, குளிர்ந்த எஞ்சினில் ஸ்டார்ட் செய்து இரண்டு மூன்று நிமிடம் ஐடிலில் விடுங்கள். அப்புறம் பைபாஸில் எழுபது எண்பதில் ஒரே சீராகக் கால் மணி நேரம், நடுவில் இரண்டு மூன்று முறை பிரேக் தொடாமல் ஆக்சிலேட்டரை விட்டு வேகம் குறையட்டும். மறுநாளும் இதே மாதிரி. பிறகு ஸ்கேனரில் ரெடினஸ் மானிட்டர்கள் (இசியூ தானே செய்துபார்க்கும் சோதனைகள்) முடிந்ததாகக் காட்டுகின்றனவா, பெண்டிங்கில் ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா பாருங்கள். மானிட்டர் முடியாத நிலையில் "எரர் இல்லை" என்பது, பரீட்சையே எழுதாத பையனுக்கு ஃபெயில் மார்க் இல்லை என்பது மாதிரி. ஒரு வாரம் ஓடியதும் அந்த எர்த் பட்டை போல்ட்டில் மறுபடி ஒரு முறை ஸ்பேனரைப் போடுங்கள், கூலன்ட் அளவையும் அப்படியே பார்த்துவிடுங்கள்.